எட்வர்டும் பொந்தியானாக்கும்

போன பள்ளி விடுமுறைக்குக் குளுவாங்கிலிருந்து அக்கா மகள் ஜொகூர் பாருவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். 15 வயது. வந்த நேரம் பார்த்து வீட்டு வைஃபை இரண்டு நாள் வேலை செய்யவில்லை. வேறு வழியில்லாமல் என் புத்தக அலமாரியைக் குடைந்தவள், கீழ்த்தட்டில் கிடந்த ‘ட்வைலைட்’ நாவல்கள் நான்கையும் தூசு தட்டி எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். வைஃபை திரும்பி வந்தும் அவள் வெளியே வரவில்லை. நான்காம் நாள் மாலை, மூன்றாவது புத்தகத்தை விரித்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“சித்தி, இந்த இடத்துல ஏன் ஹார்ட் வரைஞ்சு வச்சிருக்கீங்க?”

நெத்திலி சம்பலைக் கிளறிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்ன இதயம். பள்ளிக்கூட நாளில் நான் வரைந்ததுதான். எந்த இடம் என்று படித்துப் பார்த்தபோது முகம் சுட்டது. அடுப்பின் சூடு என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கதாநாயகி பெல்லா தன் நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கப் போகக் கிளம்புகிறாள். அது காதலன் எட்வர்டுக்குப் பிடிக்கவில்லை. ஜேக்கப் ஓநாயாக மாறுகிறவன், அவனால் ஆபத்து என்பது எட்வர்டின் கட்சி. பெல்லா சாவியைத் திருகுகிறாள், வண்டி உயிர் பெறவில்லை. பார்த்தால் எட்வர்ட் அதே வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறான், எஞ்சினிலிருந்து கழற்றிய ஒரு பாகம் அவன் கையில். பெல்லாவுக்குக் கோபம். வீட்டுக்குள் போய் ஜன்னலைப் படாரென்று சாத்துகிறாள். சற்று நேரம் கழித்து, அவளே அதைத் திறந்தும் வைக்கிறாள். அந்தத் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் என் இதயம்.

“அவ வண்டியையே ஓடவிடாமப் பண்றான். இதுக்குப் போய் ஹார்ட்டா?”

“அப்ப எனக்கு 16 வயசு” என்று சொல்லிவிட்டுச் சம்பலின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் வகுப்புக்குள் அந்தப் புத்தகம் நுழைந்தது 2009இல், நாங்கள் நான்காம் படிவம் படித்தபோது. ஸ்டெபனி மேயர் என்ற அமெரிக்கப் பெண்மணி 2003 ஜூன் மாதத்தில் ஒரு கனவு கண்டார். காட்டு வெளியில் ஒரு பெண்ணும், வெயில் பட்டு மின்னும் ஓர் இரத்தக்காட்டேரி இளைஞனும் பேசிக்கொண்டிருப்பதாகக் கனவு. 2005இல் அது நாவலாக வந்தது. 2008க்குள் நான்கு பாகங்கள் வெளியாகிவிட்டன. அதே ஆண்டில் முதல் படமும் வந்து, ராபர்ட் பேட்டின்சனின் முகம் எங்கள் பென்சில் பெட்டிகளில் ஏறிவிட்டது. 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற தொடர் என்பார்கள். எங்கள் வகுப்பில் விற்றது ஒரே ஒரு பிரதிதான். நானும் என் தோழியும் ஆளுக்குப் பாதி காசு போட்டு வாங்கினோம். அது 14 பேர் கை மாறி, அட்டை கிழிந்து என்னிடம் திரும்பி வந்தது.

இந்தத் தொடரைக் கேலி செய்வது இப்போது சுலபம். நானும் செய்திருக்கிறேன். காட்டேரி வெயிலில் வைரம்போல் மின்னுமாம்! அதனால் வானம் மூடியே கிடக்கும் ஃபோர்க்ஸ் என்ற ஊரில் ஒளிந்து வாழ்கிறார்களாம். நம்மூர் வெயிலுக்கு எட்வர்ட் வருடத்தில் பாதி நாள் மருத்துவ விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். உண்மையில் வெயிலையே பார்க்காத கூட்டம் என்றால் அது சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் எங்கள் கூட்டம்தான். விடியுமுன் பாலத்தில் நிற்கிறோம், இருட்டிய பிறகு அதே பாலத்தில் திரும்புகிறோம்.

ஆனால் கேலியோடு விட்டுவிட்டால் அந்தப் புத்தகத்துக்கு நான் துரோகம் செய்தவளாவேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன எனக்கு ஆங்கிலம் என்றால் வயிற்றைக் கலக்கும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் முழுதாக வாசித்து முடித்த முதல் ஆங்கில நாவல் அது. பரீட்சைக்காக இல்லாமல், அடுத்து என்ன ஆகும் என்ற பதைப்புக்காக வாசித்தேன். அழகியும் இல்லாத, விளையாட்டும் வராத, நடந்தால் தடுக்கி விழும் ஒரு பெண்ணை ஒருவன் ஒரு நிமிடம்கூடக் கண் எடுக்காமல் பார்க்கிறான் என்பது எங்களுக்குப் பெரிய செய்தியாக இருந்தது. எங்களை அப்போது பேருந்து ஓட்டுநர்கூடப் பார்க்கவில்லை. இன்னொன்று, கல்யாணம் முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம் என்று பிடிவாதம் பிடிப்பது எட்வர்ட்தான், பெல்லா இல்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் அவனை மெச்சியிருப்பார்.

அம்மாவும் வாசிப்பவர்தான். அவருக்கு ரமணிச்சந்திரன். அந்தக் கதைகளில் வரும் நாயகன் முறைப்பான், சந்தேகப்படுவான், அதட்டுவான். கடைசி அத்தியாயத்தில் அத்தனைக்கும் ஒரு காரணம் இருக்கும், உள்ளே பாசம் இருக்கும். “எல்லாக் கதையும் ஒண்ணுதான்டி, ஆனா கீழ வைக்க முடியல” என்பார். ஆக, கோபக்காரனுக்குள் தங்க மனம் ஒளிந்திருக்கிறது என்ற பாடத்தை எனக்கு முதலில் கற்பித்தது அமெரிக்கா இல்லை. எட்வர்ட் வந்தபோது நாற்காலி ஏற்கெனவே போட்டு வைக்கப்பட்டிருந்தது.

2015இல் எனக்கும் ஒருவன் வந்தான். வேலைக்குச் சேர்ந்த புதிது. நல்ல குடும்பம், நல்ல படிப்பு, கெட்ட வார்த்தை பேசாதவன். நான் பாலத்தைக் கடந்து வரும்போது தினமும் குடிநுழைவு வாசலில் நிற்பான். மழையில்கூட நிற்பான். ‘எங்க இருக்க?’ என்று ஒரு நாளைக்கு 20 செய்தி வரும். பிறகு, இருக்கும் இடத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னான். பிறகு யார் யாரோடு பேசலாம் என்பதும் வந்தது. ஒவ்வொன்றும் அக்கறை என்ற பெயரில்தான் வந்தது. நான் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று ஒருமுறை சொன்னான். எட்வர்ட் முதல் பாகத்தில் செய்வது அதேதான், பெல்லாவுக்குத் தெரியாமல் இரவில் அவள் அறைக்குள் வந்து நிற்பான். எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். சிலிர்ப்பாக இருந்தது.

பாத்து பகாட்டில் ஒரு கல்யாணம். பாதிக் காசு போட்டுப் புத்தகம் வாங்கினாளே, அந்தத் தோழிக்கு. காலையில் புடவை கட்டி, மொய்க் கவரோடு காரில் ஏறிச் சாவியைத் திருகினேன். சத்தமே இல்லை. அரை மணி நேரத்தில் அவன் வந்தான், சிரித்துக்கொண்டே. முந்தின இரவு என் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டது அவன்தான். “தனியா அவ்வளவு தூரம் ஓட்டிட்டுப் போக வேணாம்னுதான். நாம இங்கயே எங்கயாச்சும் போலாம்” என்றான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கோபப்பட்டேன், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பத்து நிமிடம் கழித்துத் திறந்தேன். அது மட்டுமா, பழைய வகுப்புத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ‘என் ஆளு அப்படியே எட்வர்ட்!’ என்று எழுதினேன். சிலர் இதயம் போட்டார்கள். மணப்பெண் எதுவும் போடவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக அவள் என்னோடு பேசவில்லை.

அது முடிந்த கதையில் நாடகம் ஒன்றும் இல்லை. ஒருநாள் கைத்தொலைபேசி பழுதாகி, மூன்று நாள் கடையில் கிடந்தது. அந்த மூன்று நாளும் நெடுநாள் தலைவலி விட்டதுபோல் இருந்தது. அடுத்த மாதம் முடித்துக்கொண்டேன்.

அந்த வருடக் கடைசியில் ரெங்கத்தில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போனேன். பாட்டி தோட்டத்தில் பால் மரம் சீவியவர். தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான் வீட்டுக்கு வந்த பிறகும் பேச்செல்லாம் தோட்டத்தில்தான் இருக்கும். மழைக்காலம், மின்சாரம் போய்விட்டது. என்னை முன்னால் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே பேய்க்கதை சொல்ல ஆரம்பித்தார். மலேசியாவில் மழை, இருட்டு, பாட்டி மூன்றும் சேர்ந்தால் வேறு யார் வருவாள்? பொந்தியானாக்தான்.

சிறுவயதில், நம் ஜொகூரில் உள்ள பொந்தியான் பட்டணம்தான் அவளுடைய சொந்த ஊர் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் போகும்போது காரில் கண்ணை மூடிக்கொள்வேன். பிரசவத்தில் செத்துப்போன பெண்தான் பொந்தியானாக் ஆகிறாள். நீண்ட கூந்தல், வெள்ளை உடை, செம்பங்கிப் பூ வாசம், வாழைமரம். இரத்தம் குடிப்பாள். இதுவரை எல்லாருக்கும் தெரியும். பாட்டி சொன்னது அதற்கு அடுத்தது.

“அவ பின்கழுத்துல ஓட்டை இருக்கும். அதுல ஒருத்தன் ஆணி அடிச்சுட்டா, அழகான பொம்பளையா ஆயிடுவா. கட்டிக்கலாம். சமைப்பா, புள்ள பெப்பா, சொன்ன பேச்சு கேப்பா. ஆணி இருக்கற வரைக்கும் தங்கமான பொண்டாட்டி. எவளாச்சும் தலை வாரிவிடறேன்னு வந்து, இது என்னடின்னு பிடுங்கிட்டான்னு வையி, பறந்துடுவா.”

என் கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது. பாட்டிக்கு என் விஷயம் எதுவும் தெரியாது. “சும்மா இரு, எண்ணெய் கண்ணுல வழியும்” என்று கையைத் தட்டிவிட்டார்.

அன்றிரவே ஒரு படக்கதையும் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் குளுவாங்கில் பார்த்த மலாய்ப் படம். முதுகு கூனிய, பார்க்கச் சகிக்காத ஒரு பெண். வளர்த்த கிழவர் விட்டுப்போன மருந்தைக் குடித்துப் பேரழகி ஆகிறாள். ஒரே ஒரு நிபந்தனை, இரத்தம் நாக்கில் படக்கூடாது. நல்ல இடத்தில் கல்யாணமும் ஆகிறது. ஒருநாள் புருஷனைப் பாம்பு கடித்துவிடுகிறது. உறிஞ்சி எடு, உறிஞ்சி எடு என்று அவனே கெஞ்சுகிறான். அவன் உயிரைக் காப்பாற்ற அவள் வாயை வைக்கிறாள். இரத்தம் நாக்கில் படுகிறது. அத்தோடு பேயாகிவிடுகிறாள்.

பிறகு தேடிப் பார்த்தேன். அது 1957இல் கேத்தே–கெரிஸ் நிறுவனம் சிங்கப்பூரில் எடுத்த ‘பொந்தியானாக்’. மரியா மெனாடோ நடித்தது. இயக்கியவர் பி. என். ராவ்! எம்.ஜி.ஆர். இந்திரனாக வந்த ‘பிரகலாதா’வையும் ரஞ்சன் நடித்த ‘சாலிவாகன’னையும் இயக்கிய அதே ராவ்தான் கடல் தாண்டி வந்து மலாய்க்காரர்களின் பேயைத் திரைக்குக் கொண்டுவந்தார். படம் பெரும் வெற்றி பெற்று, தொடர்ச்சிகளும் வந்தன. அந்த முதல் படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. பாட்டி போன்றவர்களின் தலைக்குள்தான் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

பாட்டி அந்தப் பாம்புக்கடியைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அதே காட்சி ‘ட்வைலைட்’ முதல் பாகத்தில் இருக்கிறது. கெட்ட காட்டேரி ஒருவன் பெல்லாவின் கையைக் கடித்துவிடுகிறான். விஷம் ஏறுகிறது. எட்வர்ட் அவள் கையில் வாய் வைத்து உறிஞ்சி எடுக்கிறான். இரத்தச் சுவை பட்ட பிறகு அவனால் நிறுத்த முடியுமா என்பதுதான் அங்கே பதைப்பு. நிறுத்துகிறான். உலகமெங்கும் வாசகிகள் உருகினார்கள், நானும்தான்.

ஒரே செயல், ஒரே காரணம். அவன் செய்தால் காதலின் உச்சம். அவள் செய்தால் வாழ்நாள் சாபம். அவன் தன் பசியை அடக்க முடியும் என்று கதை நம்புகிறது. அவளை அடக்க ஆணி வேண்டும் என்கிறது. நம் பக்கமும் ஒழுங்கில்லை. பழையனூர் நீலி கணவனால் கொலையுண்டவள், பேயாகத் திரும்பி வந்து பழி தீர்த்தவள். அவளைக் கொன்றவன் பெயர் நம் நாக்கில் இல்லை. அவளுடைய கண்ணீர் மட்டும் பொய்யழுகைக்குப் பெயராகி, இன்றுவரை பெண்களைத் திட்டப் பயன்படுகிறது.

மேயருக்கும் இந்த விமர்சனம் காதில் விழாமல் இல்லை. பெல்லா எப்போது பார்த்தாலும் காப்பாற்றப்பட வேண்டியவளாகவே இருக்கிறாள் என்று பலர் சொன்னதும், 2015இல் பாத்திரங்களைத் திருப்பிப் போட்டு, காட்டேரியைப் பெண்ணாகவும் மனிதரை ஆணாகவும் மாற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் விஷம் பரவிவிடுகிறது, பையனும் காட்டேரியாகிவிடுகிறான். ஏன் அங்கே மட்டும் முடிவு மாறியது என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன்.

இவ்வளவு சொன்னாலும், இந்தத் தொடரை நான் குப்பையில் போடாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. பாட்டியின் கதையைக் கேட்ட பிறகுதான் அது புரிந்தது. நான்காம் பாகத்தில் பெல்லாவுக்குப் பிரசவம். உடல் முறிந்து, கிட்டத்தட்ட உயிர் போய்விடுகிறது. எட்வர்ட் தன் விஷத்தைச் செலுத்துகிறான். அவள் இரத்தம் குடிப்பவளாக எழுந்திருக்கிறாள். இதைப் பாட்டியிடம் சொன்னால் என்ன சொல்வார்? “அதான் பொந்தியானாக்” என்பார். பிரசவத்தில் செத்து, இரத்தம் குடிக்க எழுந்தவள். ஆனால் இவள் பின்கழுத்தில் யாரும் ஆணி அடிக்கவில்லை. வாழைமரத்துக்கு விரட்டவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறாள். புதிதாக மாறியவர்களுக்குப் பசியை அடக்கவே வராது என்று எல்லாரும் சொல்ல, இவள் முதல் நாளே அடக்குகிறாள். கை மல்யுத்தத்தில் அந்த வீட்டுப் பலசாலி எம்மெட்டையே தோற்கடிக்கிறாள். கடைசியில் மொத்தக் குடும்பத்தையும் காப்பது அவளுடைய சக்திதான். மேயர் நம் பொந்தியானாக்கை அறிந்திருப்பாரோ என்னவோ. ஆனால் நான் வாசித்ததில், பிரசவத்தில் இறந்த பெண்ணை வீட்டுக்குள் திரும்ப விட்ட ஒரே பேய்க்கதை அதுதான்.

ஆகவே என் சண்டை காட்டேரியோடு இல்லை. இரத்தம் குடிப்பதோ, 1918லிருந்து 17 வயதிலேயே நிற்பதோ எனக்குத் தொந்தரவு இல்லை. நிஜத்தில் அப்படி யாரும் வரப்போவதில்லை. எஞ்சினில் கழற்றிய அந்தப் பாகத்தோடுதான் சண்டை. அது நிஜத்தில் வரும். பேட்டரி வயராக வரும், கைப்பேசிக் கடவுச்சொல்லாக வரும். நியாயமாகச் சொன்னால், கதையில் எட்வர்ட் பிறகு மனம் மாறி, ஜேக்கப் இருக்கும் எல்லைவரை அவனே அவளைக் கொண்டுபோய் விடுகிறான். இது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதனால்தான் என் ஆளும் மாறுவான் என்று ஒரு வருடம் உட்கார்ந்திருந்தேன்.

அன்றிரவு சாப்பிட்ட பிறகு அக்கா மகளிடம் பாத்து பகாட் கல்யாணத்தைச் சொன்னேன். வீட்டில் நான் அதுவரை யாரிடமும் சொல்லாதது. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“ஆண்ட்டி இப்ப உங்ககிட்டப் பேசறாங்களா?”

“பேசறா. அவ மகள் பிறந்தப்ப நானே நேர்ல போய் நின்னேன்.”

“காரை யாரு சரி பண்ணா?”

“அவன்தான். ரெண்டு நிமிஷ வேலை.”

“அதை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தானா?”

இல்லை. அந்தக் கேள்வி இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. மறுநாள் காலை இருவரும் கீழே இறங்கிப்போய், யூடியூபைப் பார்த்து, பேட்டரி வயரைக் கழற்றி மாட்டப் பழகினோம். மாட்டும்போது முதலில் சிவப்பு, அப்புறம் கறுப்பு. கையெல்லாம் அழுக்கு.

விஷயத்தைக் கேள்விப்பட்ட அக்கா, “அந்தப் புத்தகத்தையெல்லாம் வாங்கி உள்ள வை” என்றார். நான் வைக்கவில்லை. வாங்கி வைத்தால் கைப்பேசியில் வாசிப்பாள். அங்கே என் பென்சில் இதயம் இருக்காது. நான்காம் பாகத்தையும் கையில் கொடுத்தே குளுவாங் பேருந்தில் ஏற்றிவிட்டேன்.

போன புதன்கிழமை இரவு 11 மணிக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். ஜேக்கப், அப்போதுதான் பிறந்த பெல்லாவின் குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில் இவள்தான் என் விதி என்று முடிவு செய்யும் இடத்துக்கு வந்துவிட்டாள் போலிருக்கிறது.

‘சித்தி, இது என்ன கண்றாவி? இங்கயும் ஹார்ட் போட்டிருக்கீங்களான்னு பயந்துட்டே பக்கத்தைத் திருப்புனேன்.’

நல்லவேளை, போடவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறிதான் இருந்ததாம். எனக்கு அதை வரைந்த ஞாபகமே இல்லை. தோழியின் பென்சிலாக இருக்கலாம்.